கோடையில் லேப் பயிற்சிக்குப் போகிறீர்களா? நவம்பரிலேயே ஆரம்பியுங்கள்

பயோடெக், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி படிக்கிறவர்கள் பலர் ஏப்ரலில்தான் "சம்மருக்கு ஏதாவது லேப் கிடைக்குமா" என்று விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் நல்ல இடங்கள் நிரம்பியிருக்கும். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் லேபில் வேலை, கூடவே உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது வழக்கமாக நவம்பர் வாக்கில். அதில் கிடைக்காவிட்டால் பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் அனுப்பலாம், அதில் தப்பே இல்லை.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். "தங்கள் மேலான ஆய்வகத்தில்" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவது வீண், பார்த்தவுடனே தெரிந்துவிடும். அந்தப் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரை ஒன்றை பப்மெடில் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) தேடி எடுத்து, முழுக்கப் புரியாவிட்டாலும் ஒரே ஒரு படத்தையாவது உட்கார்ந்து படித்து, அதிலிருந்து உண்மையாகவே உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், தங்க இடம் வேண்டுமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பது என் கட்சி. உங்களுக்குச் சொல்லித்தரப் போவது பேராசிரியர் இல்லை, பக்கத்து பெஞ்சில் இருக்கும் பிஎச்.டி. மாணவர். அவருக்கு நேரம் இருக்கிற சின்ன லேப், உங்களைக் கண்டுகொள்ளாத பெரிய லேபைவிட எவ்வளவோ மேல்.

சரி, சேர்ந்தாயிற்று. முதல் வாரம் பிப்பெட், அதாவது துளித்துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி. பொத்தானை அழுத்தினால் இரண்டு இடத்தில் நிற்கும். திரவத்தை எடுக்க முதல் இடம்வரைதான் அழுத்த வேண்டும், வெளியே விடும்போது மட்டும் இரண்டாவதுவரை. கை சரியாக வருகிறதா என்று தராசில் பார்த்துவிடலாம்: 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 100 மில்லிகிராம் காட்ட வேண்டும், பத்து தடவை வைத்தால் பத்து தடவையும் ஏறக்குறைய அதே. என்சைம் எடுக்கும்போது டிப்பை (பிப்பெட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) அடிவரை முக்காதீர்கள். என்சைமில் பாதிக்குப் பாதி பிசுபிசுப்பான கிளிசரால் இருக்கும், டிப்பின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்து உங்கள் கணக்கையே கெடுத்துவிடும், விலையும் அதிகம்.

பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) போடும்போது டி.என்.ஏ.வுக்குப் பதில் தண்ணீர் விட்ட ஒரு டியூபையும் கட்டாயம் சேர்த்து ஓட்டுங்கள். டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் அந்தத் தண்ணீர் வரிசையிலும் பேண்ட் (டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் கோடு) தெரிந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது, பக்கத்து வரிசையில் எவ்வளவு அழகான பேண்ட் வந்திருந்தாலும் அதை நம்ப முடியாது. இரண்டு மாதத்தில் பெரிய கண்டுபிடிப்பெல்லாம் வராது. ஒரு சோதனையை இப்படிக் கன்ட்ரோலோடு (அந்தத் தண்ணீர் டியூப் மாதிரி ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது), வேறொருவர் நம்பும்படி செய்யத் தெரிந்துகொண்டால் அதுவே நல்ல சம்மர்.

ஜெல்லைத் தொட்ட கிளவுஸோடு கதவுக் கைப்பிடியையோ போனையோ தொடக் கூடாது. டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரிவதற்காக ஜெல்லில் சேர்க்கும் எத்திடியம் புரோமைடு டி.என்.ஏ.வோடு ஒட்டுகிற பொருள், அங்கே இருப்பது உங்கள் டி.என்.ஏ.வாகவும் இருக்கலாம்.

நோட்டில் அன்றன்றைக்கே எழுதுங்கள், ஓடாத சோதனையையும் சேர்த்து. டியூபின் மேல் வெறும் "1, 2, 3" என்று எழுதினால் அடுத்த வாரம் அது என்ன என்று உங்களுக்கே தெரியாது. தேதி, பெயரின் முதலெழுத்து, உள்ளே இருப்பது என்ன, மூன்றும் வேண்டும். மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும், எனவே மூடியிலும் பக்கத்திலும் இரண்டு இடத்தில் எழுதுவது நல்லது.

கடைசி வாரம் புதுச் சோதனை எதையும் ஆரம்பிக்காதீர்கள். மைனஸ் 80 ஃப்ரீசரில் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று பட்டியல் போட்டு அந்த பிஎச்.டி. மாணவரிடம் ஒப்படையுங்கள், அறிக்கையை எழுதி முடியுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன் பேராசிரியரிடம் நேரிலேயே கேட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து மெயிலில் கேட்டால், நீங்கள் யார் என்று அவருக்கு நினைவு வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.