பெண் குழந்தைக்குப் பெயர்: பாட்டியிடம் கேளுங்கள்

அரிய பெயருக்கு இணையத்தைத் துழாவாதீர்கள்; அங்கே கிடைப்பது எல்லார் கைக்கும் கிடைக்கும். ‘-ஸ்ரீ’, ‘-இகா’ என முடிபவை ஒரே வகுப்பில் நாலு இருக்கும். இரண்டு பக்கத்துப் பாட்டி, பூட்டி பெயர்களையும் எழுதுங்கள். ஊர் அம்மன் பெயரும் உதவும்: வேலூர் அருகே விரிஞ்சிபுரத்து அம்மன் மரகதாம்பிகை, அதிலிருந்து மரகதம். அஞ்சலை வேலூர்ப் பக்கம் பழகிய பெயர்தான், இப்போது யார் வைக்கிறார்கள்?

வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். தெரு எப்படிச் சுருக்கும்? பூங்குழலி ‘குழலி’ ஆனால் சரி, ‘பூங்கு’ ஆனால்? ‘ழ’ வந்தால் ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’சா, ‘எல்’லா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றிருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது சிக்கல். இனிஷியலோடும் சொல்லிப் பாருங்கள்.

அவசரமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.