மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் முன்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். சம வாய்ப்புக் கொள்கையை எழுதி மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்யுங்கள். நிறுவனத்தில் 20 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியலும், அவர்களின் நியமனத்தையும் வசதிகளையும் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது வாசலில்தான். ஒரு அடி உயரப் படிக்கு நாலடிப் பலகையைச் சாய்த்துவிட்டு ‘ராம்ப் இருக்கிறது’ என்பார்கள். அதில் யாராவது தள்ளாமல் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இருபுறமும் கைப்பிடி, இதில் சமரசமே கூடாது. கழிப்பறைக் கதவு 90 செ.மீ. அகலத்தில், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால் நாற்காலி இடிக்கும், கதவைச் சாத்த முடியாது.

நேர்காணலுக்கு அழைக்கும்போதே ‘என்ன வசதி தேவை?’ என்று எல்லோரிடமும் கேளுங்கள். காதுகேளாதவர் வந்தால் சைகைமொழி பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். வந்தவருக்குப் பதிலாக அவருடைய அம்மாவைப் பேச வைக்காதீர்கள்.