கத்தரியை எடுக்கும் முன்: பழைய ரோஜா இனங்களை அடையாளம் காண்பது எப்படி?

1867-க்கு முன்பே இருந்த ரோஜா வகுப்புகளைத்தான் பழைய தோட்ட ரோஜாக்கள் என்கிறோம். நவீன ரோஜா வகுப்பான ஹைப்ரிட் டீயில் முதலாவதாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' வந்த ஆண்டு அது. இந்தச் செடிகளை வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்பது, "செழிப்பாக வளர்கிறது, ஏன் பூக்கவில்லை?" என்பதுதான். பெரும்பாலும் காரணம் தவறான நேரத்துக் கவாத்து. ஆகவே செடி எந்த வகுப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே பருவம் பூப்பவை காலிக்கா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா, மாஸ். காலிக்கா குட்டையாக நிமிர்ந்து வளரும்; தண்டில் பெரிய முட்களைவிட மெல்லிய ஊசிமுட்களே அதிகம், இலை சொரசொரப்பு. ஆல்பாவின் இலையில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு மட்டும்தான். 'ஆல்பா' என்று விற்ற செடி மஞ்சளாகப் பூத்தால் பெயர் தவறு. அரைநிழலைத் தாங்குவதும் இதுவே. பன்னீரும் அத்தரும் வடிப்பது டமாஸ்கிலிருந்து; கொக்கி முட்கள், கொத்துப் பூக்கள். டமாஸ்க் வகுப்பில் இலையுதிர்கால டமாஸ்க் மட்டும் மறுபடியும் பூக்கும். சென்டிஃபோலியாவின் பூ இதழ்கள் நெருங்கி, கனம் தாங்காமல் தலை கவிழும். மாஸ் ரோஜாவுக்குக் கண்ணைவிட விரல் போதும்: மொட்டின் புறவிதழில் உள்ள பாசி போன்ற ரோமத்தைத் தேய்த்தால் பிசுபிசுக்கும், விரலில் பிசின் வாசனை நிற்கும்.

இவை பூப்பது சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில். குளிர்காலத்தில் ஒட்ட வெட்டினால் அடுத்த பருவத்துப் பூவையே வெட்டியதாகும். பூ முடிந்த கையோடு, இரண்டு மூன்று முதிய தண்டுகளை அடியோடு எடுங்கள். மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். பிறகு வரும் நீண்ட புதுக்கிளைகள் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் தொடாதீர்கள்.

இந்த ஐந்துக்கும் குளிர்கால ஓய்வு வேண்டும். வெப்பமான இடத்தில் சைனா, டீ, நுவாசெட் வகுப்புகளே பொருத்தம். சைனாவின் பூ வெயில் பட்டால் வெளுக்காது, நிறம் கூடும். 'ஓல்டு பிளஷ்' நல்ல உதாரணம். சைனா, டீ இரண்டிலும் காய்ந்த குச்சியையும் மெலிந்த கிளையையும் எடுத்தால் போதும். தரையோடு வெட்டினால் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் தோன்றிய போர்பன் வகுப்புக்கு வேறு வித்தை. ஓராண்டு வயதுள்ள நீண்ட கிளைகளைத் தரைக்கு இணையாக வளைத்து முளைக்குச்சியில் கட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் நுனியில் மட்டுமே பூக்கும். படுக்க வைத்தால் கணுவுக்குக் கணு துளிர்க்கும். முதிர்ந்த கிளை பட்டென்று முறியும் என்பதால், சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள்.

போர்பனில் இன்னொரு தொல்லை: மொட்டு விரியாமல் பழுப்பாகி அழுகுவது. மழையில் நனைந்த வெளியிதழ்கள் ஒட்டிக் காய்ந்து, உள்ளிதழ்களை அடைத்துவிடுகின்றன. 'சூவனிர் டி லா மால்மெசோன்' இதற்குப் பேர்போனது. கெட்ட வெளியிதழை நகத்தால் மெல்ல உரித்தால் சில பூக்கள் தப்பும். தண்ணீரை எப்போதும் காலையில், தூரில் மட்டும் விடுங்கள்; இலை நனைந்தால் கரும்புள்ளி நோயும் சேர்ந்துகொள்ளும்.

நடும்போது செடிக்குச் செடி 1.2 முதல் 1.5 மீட்டர் இடைவெளி, ஆறு மணி நேர வெயில். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும். சென்டிஃபோலியாவோ இன்னும் சரியும். ஒட்டுச்செடியானால் அடியில் வரும் சிம்பின் இலையை மேல்கிளை இலையோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் அது ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடியின் சிம்பு. மண்ணை விலக்கி, வேரோடு சேருமிடத்தில் பிய்த்தெடுங்கள். மேலே கத்தரித்தால் ஒன்று மூன்றாகும். சொந்த வேரில் நிற்கும் காலிக்காவின் சிம்பு அதே ரோஜாதான். தோண்டி வேறிடத்தில் நடலாம்.