நுரையீரல் புற்றுநோய் மரபணுப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்
நுரையீரலிலிருந்து ஊசி பயாப்ஸியில் எடுக்கும் திசு, ஒரு சிறிய நூல் துண்டு போலத்தான் இருக்கும். புற்றுநோய்தானா, எந்த வகை, எந்த மரபணு மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தத் துண்டுதான் பதில் சொல்ல வேண்டும். நிறைய இடங்களில் முதல் இரண்டு கேள்விகளிலேயே அது தீர்ந்துபோகிறது.

நுரையீரல் புற்றின் முக்கிய வகைகளான அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸா என்று பிரிக்கப் பெரும்பாலும் டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு சாயங்கள் போதும். அதற்கு மேல் அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும், மேற்பரப்பைச் சமப்படுத்தவே சில சீவல்கள் கழிந்துவிடும். மரபணுப் பரிசோதனைக்கான சீவல்களையும் முதல் தடவையிலேயே வெட்டி எடுத்து வையுங்கள்.

அப்புறம், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம். 6 முதல் 48 மணி நேரம் ஊறினால் போதும். வெள்ளிக்கிழமை மாலை போட்ட திசுவைத் திங்கள்கிழமை காலையில் எடுத்தால் அந்தக் கணக்கு தாண்டிவிடும், டி.என்.ஏ. சிதையத் தொடங்கும். எலும்பிலிருந்து எடுத்த திசுவை மென்மையாக்க அமிலத்தில் போடுவது இன்னும் மோசம். அதற்கு, கால்சியத்தைப் பிடித்து நீக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசல்தான் சரி.

என்னை அதிகம் வருத்துவது, ‘மாற்றம் காணப்படவில்லை’ என்ற வரியை ‘மாற்றம் இல்லை’ என்று படிப்பது. திசுவில் இருக்கும் நூறு செல்களில் பத்துதான் புற்றுச் செல்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றிலும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் பொதுவாக ஒன்றுதான் மாறியிருக்கும். ஆக, மாறிய டி.என்.ஏ. 5 சதவீதம்தான். டி.என்.ஏ.வைப் படிக்கும் பழைய சாங்கர் முறையின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே நோயியல் மருத்துவர் ஸ்லைடைப் பார்த்து, புற்றுச் செல்களின் அளவை மதிப்பிட்டு, அவை நிறைந்த பகுதியைக் குறித்துக் கொடுத்த பிறகே பரிசோதனை தொடங்க வேண்டும். ரத்தத்தில் செய்யும் பரிசோதனைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கட்டி தன் டி.என்.ஏ.வை ரத்தத்தில் போதுமான அளவு கலக்கவில்லை என்றால் மாற்றம் இருந்தும் தெரியாது. அப்போது திசுவுக்குத் திரும்பத்தான் வேண்டும்.

இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஒரு மரபணுவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதும் தவறுதான். ஏ.எல்.கே., ராஸ்1, ரெட், மெட், பிராஃப், கே-ராஸ், ஹெர்2, என்.டி.ஆர்.கே. மரபணுக்களின் மாற்றங்களுக்கும் இன்று மருந்துகள் இருக்கின்றன. இவற்றில் சில, இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதால் வருபவை, டி.என்.ஏ.வை மட்டும் படித்தால் தப்பிவிடலாம், ஆர்.என்.ஏ.வையும் படிப்பது நல்லது. புகைபிடிப்பவர் என்பதற்காக யாரையும் பரிசோதனையிலிருந்து விலக்காதீர்கள்.

முடிவு வருவதற்குள் அவசரப்பட்டு இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) தொடங்குவதும் ஆபத்து. பின்னர் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் தெரிந்து உடனே அதற்கான ஓசிமெர்டினிப் மருந்தைக் கொடுத்தால், கடுமையான நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது. நோயாளியின் நிலை தாங்கும் என்றால் காத்திருங்கள். தாங்காது என்றால், அந்த இடைவெளியை கீமோதெரபியால் மட்டும் கடக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.