வலித்தால் உடம்பைக் குறை சொல்லாதீர்கள்: புதிதாகச் சைக்கிள் மிதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் கார் நிறுத்தும் இடத்தில், சுவரோரமாக ஒரு கியர் சைக்கிள் சாய்ந்து நிற்கும். டயரில் காற்று இறங்கியிருக்கும், செயினில் துரு ஏறியிருக்கும், ஹேண்டில்பாரில் யாரோ காயப்போட்ட கால்மிதி தொங்கும். வாங்கியவரைக் கேட்டால், "ஆசையாத்தான் வாங்கினேன். முட்டி வலிக்குது, முதுகு பிடிக்குது. நமக்கு வயசாயிடுச்சு, இனிமே சரிப்படாது" என்பார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

வார நாள் முழுக்க அலுவலகம், ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை, ஒன்பது மணிக்குள் காய்கறிப் பையோடு வீடு. இப்படித்தான் பல வருடங்களாக என் சைக்கிள் வாழ்க்கை ஓடுகிறது. கூட மிதித்தவர்களில் எத்தனையோ பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். அவர்களில் உடம்பு உண்மையிலேயே முடியாமல் விட்டவர்கள் மிகக் குறைவு. சீட் உயரத்தில் நாலு சென்டிமீட்டர், டயரில் கொஞ்சம் காற்று, கியரில் ஒரு பல் என்று சைக்கிளில் இருந்த கோளாறு கொடுத்த வலியைத் தங்கள் உடம்பின் குறை என்று நம்பி விட்டவர்களே அதிகம். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீட்டிலிருந்தே தொடங்குகிறேன். நம்மில் பலர் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். அப்பாவின் பெரிய சைக்கிளில் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டிய காலத்தில், கால் தரையில் எட்டுவதுதான் தைரியம். அந்தப் பயம் இன்னும் நம்மை விடவில்லை. கடையில் சைக்கிள் எடுக்கும்போதே, சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரி சீட்டை இறக்கச் சொல்லிவிடுகிறோம். அப்படி இறக்கினால் பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முட்டி அளவுக்கு மீறி மடங்கும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு முட்டி 4,800 முறை மடங்கி நிமிர்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்?

சரியான உயரத்தைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கால் மடங்காமல் நீள வேண்டும், அதே சமயம் இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும் என்பதால் முட்டிக்குத் தேவையான லேசான மடிப்பு தானாகவே கிடைத்துவிடும். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். முட்டிக்குப் பின்னால் இழுத்தால் உயரமாக இருக்கலாம். சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிடாதீர்கள், கம்பி வளையும் அல்லது ஃபிரேம் விரியும். பிறகு எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். நிற்பதற்குச் சற்று முன் சீட்டைவிட்டு முன்னால் நழுவி இறங்கி ஒரு காலை ஊன்றுங்கள். இரண்டே நாளில் பழகிவிடும்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு அக்கா இருக்கிறார். முட்டிவலி என்று மூன்று மாதம் சைக்கிளைத் தொடாமல் இருந்தார். அவர் சீட்டை அளந்து பார்த்தால் ஐந்து சென்டிமீட்டர் தாழ்வு. ஒரே நாளில் ஏற்றினால் தொடைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும் என்பதால் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டராக ஏற்றினோம். ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, முட்டுக்காடு பாலத்தில் என்னைத் தாண்டிப் போனார்.

சீட்டைப் பற்றி இன்னொன்று. பின்பக்கம் வலிக்கிறது என்றதும் எல்லோரும் மெத்தென்ற ஜெல் உறை வாங்கி மாட்டுகிறார்கள். அரை மணி நேரம் சுகமாக இருக்கும். பிறகு இடுப்பெலும்பு அதில் அமிழ்ந்துபோய், நடுவில் இருக்கும் மென்மையான தசையும் நரம்பும் அழுத்தம் தாங்கும். மரத்துப்போவது அதனால்தான். சீட் கொஞ்சம் கெட்டியாக இருந்து, எடை எலும்பில் இறங்குவதே நல்லது. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் அதற்குள் ஜட்டி போடக் கூடாது. சொல்லக் கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை, அதனால் எத்தனையோ பேர் தையல் உரசி, தோல் கிழிந்து அவதிப்படுகிறார்கள்.

அடுத்தது காற்று. பைக்குக்கு மாதம் ஒருமுறை அடிப்பதுபோல இதற்கும் அடித்தால் போதும் என்று நினைப்பது தவறு. சைக்கிள் டியூப் ரப்பர் வழியாகவே காற்று மெல்லக் கசியும். ஒல்லியான டயரில் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். காற்று குறைந்த டயரோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்புக் கடி என்று சொல்வோம். இதற்குப் பயந்து டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவுக்கு அடித்துவிடுவது எதிர்த்திசைத் தவறு. அந்த எண் டயர் தாங்கும் எல்லை. அந்த அளவுக்கு அடித்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் தெரியும், ஈரத்தில் பிடிமானமும் குறையும். எழுபது கிலோ எடை உள்ளவருக்குத் தோராயமாக 25 மில்லிமீட்டர் ரோடு டயரில் 80 முதல் 90 பிஎஸ்ஐ, 35 மில்லிமீட்டர் ஹைப்ரிட் டயரில் 50 முதல் 60, தடித்த மவுண்டன் டயரில் 30 முதல் 40 என்று தொடங்கி, உங்கள் எடைக்கும் சாலைக்கும் ஏற்ப ஏற்றி இறக்குங்கள். அளவுமானி வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் பெட்ரோல் பங்க் குழாய் அதில் பொருந்தாது.

பஞ்சருக்கு வருகிறேன். இதில் பலர் செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு மார்கழிக் காலை, கோவளம் தாண்டி முன் டயர் இறங்கியது. கையில் மாற்று டியூப் இருந்தது. லீவர் போட்டுக் கழற்றி, புது டியூப் மாட்டி, காற்றடித்துக் கிளம்பினேன். அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை, திரும்பவும் 'புஸ்'. பஞ்சர் கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். பெரியவர் ஒருவர் அப்போதுதான் கடை திறந்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். டியூபை அவர் தொடக்கூட இல்லை. டயரை உருவி, தோளில் கிடந்த துண்டின் நுனியை உள்பக்கம் வைத்து, மெதுவாக ஒரு சுற்று இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துண்டின் நூல் சிக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். குறடால் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வேலிகாத்தான் முள், நெல் மணியில் பாதி நீளம்கூட இல்லை.

"டியூபை மாத்திட்டீங்க தம்பி. ஓட்டை போட்டவன் டயர்லயே உக்காந்திருக்கானே, அவனை யாரு எடுக்கறது?" என்றார்.

"விரலை விட்டுப் பார்க்கணும்னு தோணலைங்க ஐயா."

"விரலை விடாதீங்க, கிழிச்சுடும். துணியை விடுங்க."

அன்றிலிருந்து என் பையில் ஒரு பழைய காட்டன் கைக்குட்டை இருக்கிறது. கழற்றும்போது வால்வு டயரில் எந்த இடத்துக்கு நேராக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டை தெரிந்தால், வால்விலிருந்து அளந்து டயரில் முள் இருக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடலாம். ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். போக்ஸ் கம்பியின் தலையை மூடும் ரிம் டேப் விலகியிருக்கும். வீட்டில், வெளிச்சத்தில், அவசரம் இல்லாத நாளில் ஒருமுறையாவது டியூபைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், விடியாத இருட்டில் முதல்முறையாகச் செய்து பழக முடியாது.

கியரில் நடக்கும் தவறு, கனமான கியரில் அழுத்தி மிதிப்பதுதான் உடற்பயிற்சி என்ற எண்ணம். நிமிடத்துக்கு 50 சுற்று முக்கி மிதித்தால் பாரம் முழுவதும் முட்டியில் இறங்கும். லேசான கியரில் 80, 90 சுற்று வந்தால் அந்த வேலையை நெஞ்சும் நுரையீரலும் பகிர்ந்துகொள்ளும். முதலில் கால் காற்றில் சுற்றுவதுபோல இருக்கும், ஒரு மாதம் பொறுங்கள். மேம்பாலம் ஏறத் தொடங்கி, மூச்சு முட்டியபின் கியர் மாற்றாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் செயின் மாறாது, மாறினாலும் நொறுங்குகிற சத்தத்தோடு மாறும். கத்திப்பாரா ஏற்றம் கண்ணுக்குத் தெரியும்போதே மாற்றிவிடுங்கள்.

சென்னைக்காரர்கள் காற்றின் திசையைப் பார்க்காமல் தூரத்தை முடிவு செய்கிறார்கள். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளும். சாலை வெறிச்சோடி இருக்கும், கால் பறக்கும், "இன்னைக்கு நல்லாப் போகுது, கல்பாக்கம் வரைக்கும் போயிடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். அந்த வேகம் காற்று கொடுத்தது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும், வெயிலும் ஏறியிருக்கும். பாதித் தூரத்தில் எப்படி இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடாமல், எதிர்காற்றில் வீடு திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். காற்று பலமாக இருக்கும் நாளில், போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று அமைகிற திசையைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் விஷயத்தில் கடலோர ஊர் ஏமாற்றும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும்; உடம்பு குளிராது, உப்பு மட்டும் போகும். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, கால் மணிக்கு ஒரு தடவை நாலு மடக்காகக் குடியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். இளநீர் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள், அல்லது உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், பசிக்கும்வரை காத்திருக்காமல் ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலைமிட்டாயோ சாப்பிட்டுவிடுங்கள். பசி எடுத்துக் கை நடுங்கியபின் சாப்பிட்டால் தேறுவதற்கு வெகுநேரம் ஆகும்.

சாலையில் உயிரோடு விளையாடும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். நிற்கும் கார்களை உரசிக்கொண்டு போகாதீர்கள். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு. கணுக்காலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். பெடலோடு மேலும் கீழும் அசைவதால், வருவது மனிதன் என்று லாரி ஓட்டுநருக்குத் தூரத்திலிருந்தே புரியும். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி போதும். முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதீர்கள். சைக்கிளை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துங்கள். மழையில் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அதன் பிறகுதான் பிடிக்கும். அதற்கேற்ப முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

செயினுக்கு எண்ணெய் விடுவதில் அக்கறை அதிகமானதே தவறாகிவிடுகிறது. சொட்டச் சொட்ட விட்டால் கடற்கரை மணல் அதில் ஒட்டி, உப்புக் காகிதம்போல எல்லாப் பல்லையும் தேய்த்துவிடும். தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். செயினுக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்குள். வெளியே இருப்பது அழுக்கைப் பிடிக்கத்தான். செயின் தேய்ந்ததா என்று பார்க்க, பள்ளிக்கூட அடி ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து, அதற்கு அடுத்ததை ஒன்று என்று எண்ணினால் இருபத்துநான்காவது பின் வரை, சரியாக 12 அங்குலம். அதற்குமேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவைத்தால் பின்சக்கரப் பற்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு பல மடங்காகிவிடும்.

கடைசியாக, தூரத்தில் அவசரம். மூன்று மாதம் இருபது, முப்பது கிலோமீட்டர் போனவர்கள் திடீரென 200 கிலோமீட்டர் பிரெவேவுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணத்துக்கு, பெயர் கொடுத்துவிடுகிறார்கள். ஆசையில் தவறில்லை. தவறு, அதைப் பந்தயம் என்று நினைத்து முதல் ஐம்பது கிலோமீட்டரை விரட்டுவதில் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவான சராசரி போதும். முதல் ஆளும் கடைசி ஆளும் ஒரே பட்டியலில் ஒன்றாகத்தான் இடம்பெறுவார்கள், அதில் தரவரிசை கிடையாது. வாரத்துக்குப் பத்து சதவீதம் என்று தூரத்தை ஏற்றி, நூறு கிலோமீட்டரை இரண்டு முறையாவது முடித்துவிட்டு, சீட்டும் காற்றும் உடம்புக்குப் பழகிய அதே சைக்கிளில் வாருங்கள். முந்தின நாள் புது ஷூவோ புது சீட்டோ மாட்டாதீர்கள். அந்த அக்கா இந்தத் தை மாதம் தன் முதல் 200-க்குத் தயாராகிறார். சீட் கம்பியில், சரியான உயரத்துக்கு நேராக, வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.