பழைய இரும்புக் கடைக் கருவிகள்: துருவோடு சேர்த்துப் பதத்தையும் எடுத்துவிடாதீர்கள்

கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலும், பொள்ளாச்சி, புளியம்பட்டி போன்ற ஊர்ச் சந்தைகளின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்களிடமும் உளி, சுத்தியல், ஸ்பேனர், கொடுவாள் எல்லாம் கிலோக் கணக்கில் கிடைக்கும். செம்மண் பூசியதுபோல் கிடக்கும் அந்தத் துரு பல சமயம் காகிதத் தடிமன்கூட இருக்காது. அதற்குள் நல்ல எஃகு இருக்கும். இருபது, முப்பது வருடம் துருவிலேயே கிடந்து பிழைத்த அந்த எஃகு, வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே கிரைண்டரிலும் ஆசிட்டிலும் செத்துப்போவதுதான் வருத்தம்.

வெட்டும் கருவிக்கு மதிப்பே அதன் பதம்தான். கொல்லர் காய்ச்சி, தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டி இறக்கிய அந்தப் பதம் கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு கண்ணுக்குத் தெரியும். தெரிவதைத் தேடி, தெரியாததை இழப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகளும் தொடங்குகின்றன.

வாங்கும்போதே நடக்கும் தவறு

துருவின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதன் ஆழத்தைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு பழைய பிளேடோ சிறு துண்டு எமரித் தாளோ இருக்கட்டும். கடைக்காரரிடம், “ஏனுங்ணா, ஒரு ஓரத்துல சுரண்டிப் பார்த்துக்கலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு, காசு அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். கீழே சாம்பல் நிற இரும்பு சமமாகத் தெரிந்தால் நல்லது. அம்மைத் தழும்புபோல் குழிகள் தெரிந்தால், அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சுத்தியலின் பக்கவாட்டில் குழி இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உளியின் தட்டையான முதுகில், வாயை ஒட்டி ஒரு அங்குலத்துக்குள் குழி இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வாயின் கூர் என்பது இரண்டு பரப்புகள் சேரும் கோடு. முதுகில் குழி உள்ள இடமெல்லாம் அந்தக் கோடு பல்லுப் பல்லாக உடையும். எத்தனை முறை தீட்டினாலும் அடுத்த குழி வந்து நிற்கும்.

வைஸ், இழைப்புளி உடல் போன்றவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அவற்றில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. தொங்கவிட்டு ஒரு சாவியால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் மணிபோல் ஒலிக்கும், விரிசல் இருந்தால் ஓட்டை மண்பானை போல மொத்தென்று ஒலிக்கும். இழைப்புளியில் பிளேடு வெளிவரும் வாயின் இரு மூலைகளையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். விரிசல் அங்கேதான் முதலில் வரும். பிளேடு எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கோவையில் 1888லேயே பஞ்சாலை வந்துவிட்டது. மில்களுக்கு இங்கிலாந்து இயந்திரங்களோடு வந்த ஸ்பேனர்கள் இன்னும் பழைய இரும்பில் அகப்படுகின்றன. 1/4 W, 3/8 BS என்று பொறித்திருந்தால் அது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அந்த எண் போல்ட்டின் தடிமனைச் சொல்வது, ஸ்பேனர் வாயின் அகலத்தை அல்ல. சாதாரண ஸ்பேனர் என்று நினைத்து வாங்கி மில்லிமீட்டர் நட்டில் மாட்டினால் நட்டின் முனை மழுங்கும். பழைய மோட்டார், பழைய இயந்திரம் வைத்திருப்பவருக்கு அது பொக்கிஷம். மற்றவர்களுக்கு அழகான பாரம்.

எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடுவது

வாங்கி வந்ததும் அத்தனையையும் ஒரே வாளியில் கொட்டி ஆசிட் ஊற்றிவிடுகிறார்கள். குரோமியம் பூசிய ஸ்பேனரில் பூச்சு உரிந்திருந்தால், அதன் அடியில் ஆசிட் புகுந்து மிச்சத்தையும் பெயர்க்கும். உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். அலுமினிய, துத்தநாகப் பாகங்களை ஆசிட் தின்னும். ஸ்பிரிங், மெல்லிய ரம்பம் போன்ற விறைப்பான எஃகில் ஆசிட்டிலிருந்து வரும் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் படக்கென்று முறியும். மரப்பிடியோடு போட்டால் மரம் ஊறிக் கறுத்து, காய்ந்ததும் சுருங்கி ஆடும்.

முதலில் பிரியுங்கள், பிறகு தரம் பிரியுங்கள். பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பழைய இழைப்புளித் திருகுகளின் காடி மெல்லியது, ஆழமானது. காடியில் சரியாக உட்காராத திருப்புளியால் திருகினால் தலை பிய்ந்துவிடும். அந்த மரைக்கு இன்றைய கடைத் திருகு பொருந்தாது என்பதால், பிய்ந்தால் பிய்ந்ததுதான். இறுகிய திருகுக்கு டீசலோ துருவில் ஊடுருவும் எண்ணெயோ சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் திருப்புளியை வைத்து அதன் தலையில் மெல்லத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்புக் காட்டவே கூடாது. வார்ப்பிரும்பு வைஸ் இறுகியிருந்தால் சம்மட்டியால் அடிக்காதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

ஆசிட்டில் நடக்கும் தவறுகள்

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். துரு ஐந்து நிமிடத்தில் போகும், நல்ல இரும்பும் கூடவே போகும். அதன் ஆவி அதே அறையில் இருக்கும் மற்ற கருவிகள், பூட்டு, கீல் எல்லாவற்றிலும் இரண்டே நாளில் புதுத் துருவைக் கொண்டுவரும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு ஏற்றது வினிகரும் சிட்ரிக் ஆசிட்டும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறைச் சரக்குக் கடையில் அசிட்டிக் ஆசிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, அப்படியே ஊற்றுபவர்கள் உண்டு. கடை வினிகரில் ஆசிட் 4 முதல் 5 சதவீதம். அங்கே கிடைப்பது ஏறத்தாழ சுத்தமான ஆசிட். தோல் வெந்துபோகும், ஆவி கண்ணைக் கெடுக்கும், அனல் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 950 மில்லி தண்ணீரில் 50 மில்லி ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அடுத்தது, போட்டுவிட்டு மறந்துபோவது. வினிகரில் 12 மணி நேரம், சிட்ரிக்கில் 4 முதல் 8 மணி நேரம் என்பது தோராயக் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்; துரு போனதும் வெளியே எடுத்துவிடுங்கள். மூன்று நாள் கிடந்தால் துரு போன இடத்தில் ஆசிட் எஃகையே கடிக்கும். மேல்பரப்பு மணல்போல் சொரசொரக்கும். கருவி முழுதும் மூழ்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும். எந்த எமரியாலும் அந்தக் கோடு போகாது.

அரம் மட்டும் இதில் விதிவிலக்கு. துருப்பிடித்த அரத்தின் பல்லிடுக்குகளை ஒயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு சிட்ரிக்கில் ஊறவைத்தால், துரு போவதோடு பல்லும் கொஞ்சம் கூராகும். தேய்ந்து வழுவழுவென்று ஆன அரத்துக்கு இது பயன்படாது.

மின்சாரத்தில் துரு எடுப்பவர்கள் செய்யும் தவறு

10 லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா. சாயப்பட்டறைக்குப் போகும் சோடா ஆஷும் அதே பொருள்தான். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கருவிக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் கருவிதான் கரையும். இது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கையை உள்ளே விடும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வரும். பாசிட்டிவ் தகடாக எவர்சில்வர் கரண்டி, தட்டு வைத்தால் அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாக மாறித் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரை எங்கேயும் ஊற்ற முடியாது. துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். நெகட்டிவ் பக்கம் எழும் குமிழிகள் ஹைட்ரஜன். மூடிய அறையில் செய்யாமல் திண்ணையில், பீடி, அடுப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். புதிய வகைத் தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இல்லாவிட்டால் வேலையே செய்யாது என்பதால், பழைய சாதா சார்ஜர்தான் இதற்கு ஏற்றது.

கிரைண்டர்

அதிகக் கருவிகளைக் கொல்வது இதுதான். கை கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டுக் கொடுவாளைத் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் வெள்ளி மாதிரி ஆகிவிடும். அந்த இரண்டு நிமிடத்தில் வாய்ப்பக்கம் எவ்வளவு சூடாகிறது என்பதை நிறமே சொல்லிவிடும். வைக்கோல் நிறம் என்றால் சுமார் 220, 230 டிகிரி. ஊதா என்றால் 280ஐ நெருங்கிவிட்டது. நீலம் என்றால் ஏறத்தாழ 300. சாதாரணக் கார்பன் எஃகில் நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. அது பார்க்க அழகாக இருக்கும், தீட்டினால் கூரும் வரும். நாலு வெட்டில் மடங்கிவிடும். நீலத்தை எமரியால் துடைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். துடைப்பது நிறத்தை மட்டும்தான். நீலம் ஏறிய ஆழம் முழுவதையும் மெதுவாகத் தேய்த்து எடுத்தால்தான் அடுத்த நல்ல எஃகு கிடைக்கும். இல்லையென்றால் கொல்லர் பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி காய்ச்சித் தோய்த்துப் பதம் வைக்கச் சொல்ல வேண்டும்.

சாணை பிடிக்க வேண்டியிருந்தால் பக்கத்தில் தண்ணீர் வையுங்கள், கையுறை போடாதீர்கள். விரலுக்குச் சுடுகிறது என்றால் எஃகுக்கும் போதும். உடனே தண்ணீரில் முக்குங்கள். சுழலும் ஒயர் வீலிலும் கையுறை, துண்டு, வேட்டி முனை ஆபத்து. சிக்கினால் கையையே இழுத்துவிடும். ஒயர் வீலிலிருந்து கம்பித் துண்டுகள் ஊசிபோல் பறக்கும், கண்ணாடி இல்லாமல் நிற்கவே கூடாது.

கையால் செய்வது மெதுவானாலும் பத்திரமானது. 120 எமரியில் தொடங்கி 220, 400 என்று போங்கள். முத்திரை பொறித்த இடத்தைத் தொடாதீர்கள். டபாரியா, ஸ்டான்லி, ரெக்கார்ட் எதுவானாலும் அந்த எழுத்து போனால் கருவியின் அடையாளம் போய்விடும். மூலைமட்டம், வெர்னியர் போன்ற அளவுக் கருவிகளில் எமரி வேண்டவே வேண்டாம். எண்ணெய் தொட்ட மிக மெல்லிய ஸ்டீல் வூல் போதும். உளியின் முதுகை முழுதாகக் கண்ணாடி ஆக்கும் வேலையும் வீண். வாயிலிருந்து ஒரு விரல் அகலம் தட்டையாக இருந்தால் தீட்டலாம். பழைய வைஸ், கருவிப் பெட்டிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஈரமாகத் தேய்த்து, குழந்தைகள் கைபடாமல் அப்புறப்படுத்துங்கள்.

தலை காளான்போல் விரிந்த வெட்டுளியை அப்படியே அடிப்பதும் ஆபத்து. அந்தச் சிதறல் முனை தோட்டா மாதிரி பறக்கும். அதைத் தேய்த்து எடுத்து விளிம்பைச் சாய்த்துவிடுங்கள்.

கழுவும் தண்ணீர்

தாராபுரம், கரூர், திருப்பூர்ப் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம். சுத்தம் செய்த எஃகை அதில் கழுவி வெயிலில் வைத்தால், காயும் முன்பே மஞ்சள் துரு படரும். ஆசிட் சரியில்லை என்று பழி போடுவார்கள். குறை தண்ணீரில் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்த நீரில் முதலில் முக்கி மிச்ச ஆசிட்டை அடக்குங்கள். கடைசிக் கழுவலை மட்டும் மழைத் தண்ணீரிலோ சிறுவாணித் தண்ணீரிலோ செய்யுங்கள். அந்தத் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருந்தால், கருவி எடுத்த உடனே தானே காய்ந்துவிடும். துடைத்துச் சூடு ஆறும் முன்பே எண்ணெய் தடவுங்கள். நாளைக்குத் தடவலாம் என்றால் நாளைக்குத் துரு இருக்கும்.

எண்ணெயிலும் ஒரு தவறு உண்டு. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிக் கருவியின் அசையும் பாகங்களை ஒட்டவைக்கும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கும். கையில் தொடக் கூடாத பொருள் அது. திருப்பூரில் எந்தத் தையல் மிஷின் கடையிலும் கிடைக்கும் மிஷின் ஆயில் ஒரு மெல்லிய பூச்சு போதும்.

பிடி

பழைய பிடியை நெருப்பில் போட்டு எரித்து எடுப்பது, பிடி நுழையும் துளையான கண்ணோடு சேர்த்து வாயின் பதத்தையும் இறக்கும். அறுத்து, துளை போட்டு, ஆணியால் தட்டி வெளியே எடுங்கள். புதுப்பிடிக்குக் கருவேலம் நன்றாக உழைக்கும். ஆனால் பச்சை மரத்தில் போட்டால் மூன்று மாதத்தில் சுருங்கி ஆடும். நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் ஓங்கலில் முறியும். ஆடும் சுத்தியலைத் தண்ணீரில் ஊறவைப்பது ஒரு நாள் வைத்தியம். ஊறிய நார் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். சரியான ஆப்பு அடியுங்கள். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, பிறகு தண்ணீரில் நனைத்து வெளியே போடுங்கள்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தோட்டத்துச் சாளையில் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் மம்முட்டியையும் உளியையும் சாய்த்து வைப்பது நம் ஊர் வழக்கம். பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. அதன் தூசி காற்றின் ஈரத்தை இழுத்து எஃகின்மேல் படியும். அங்கே எந்த எண்ணெயும் நிற்காது. மூட்டையை ஒரு மூலையில் வைத்து, கருவிகளை எதிர்மூலைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கும்போது ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள்.