கோழி இறகைக் கரைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கும் முறை

பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிக் கடைகளில் அன்றாடம் மிஞ்சும் இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் கெராட்டின் என்னும் புரதமே. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் குறுக்கே இறுக்கிக் கட்டியிருப்பதால், பெப்சின், டிரிப்சின் போன்ற செரிமான நொதிகளால் அதை எளிதில் உடைக்க முடியாது. ஆயினும் இறகு குவிந்து கிடக்கும் மண்ணில், கெராட்டினேஸ் என்னும் நொதியைச் சுரந்து அதையே உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நுண்ணுயிரியல் ஆய்வகமுள்ள கல்லூரியில் அவற்றைப் பிரித்தெடுக்கலாம்.

முதலில், கையுறை அணிந்து, இறகு மக்கிய இடத்து மண்ணை எடுங்கள். அதில் 1 கிராமை 10 மில்லி கிருமி நீக்கிய நீரில் கலக்கி, 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வையுங்கள். சூட்டைத் தாங்கும் உறையுடைய வித்து (ஸ்போர்) உருவாக்கும் பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களே பெரும்பாலும் இச்சூட்டைத் தாங்கும்.

அடுத்தது வளர்ப்பு ஊடகம். ஒரு லிட்டர் நீருக்குக் கழுவி உலர்த்திய இறகு 10 கிராம், சோடியம் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு தலா 0.5 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.3 கிராம், மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 0.4 கிராம், மெக்னீசியம் குளோரைடு 0.1 கிராம் சேர்த்து, பி.எச். அளவை 7.5 ஆக்கி, ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். சர்க்கரையோ, பெப்டோன் என்னும் ஓரளவு செரித்த புரதமோ சேர்க்க வேண்டாம். எளிய உணவு கிடைத்தால் இறகைத் தின்னாதவையும் பெருகிவிடும்.

மண்கரைசலில் 1 மில்லியை இந்த ஊடகம் 100 மில்லி உள்ள குடுவையில் விட்டு, 37 டிகிரியில் குலுக்கியில் சில நாள் வையுங்கள். மண் சேர்க்காத குடுவை ஒன்றும் உடன் இருந்தே ஆக வேண்டும். ஆட்டோகிளேவின் சூடே இறகை ஓரளவு இளக்கிவிடும் என்பதால், ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்ய இயலாது. இறகின் மெல்லிய இழைகள் முதலில் உதிரும். நடுத்தண்டு கடைசியில்தான் கரையும்.

பின்னர் கொழுப்பு நீக்கிய பால் அகார் தட்டில் கீறி வளர்த்து, தெளிந்த வளையம் சூழ்ந்த பாக்டீரியாக் கூட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க நிலையினர் பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். பாலின் புரதமான கேசினை எந்தப் புரோட்டியேஸும் (புரதம் உடைக்கும் நொதியும்) உடைக்கும் என்பதால், தூய வளர்ப்பைப் புதிய இறகு ஊடகத்தில் மீண்டும் இட்டு, தண்டு கரைகிறதா என்று பார்ப்பதே என் கருத்தில் உண்மையான சோதனை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கோழிக்கழிவுச் செரிப்பானிலிருந்து பிரிக்கப்பட்ட பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் பி.டபிள்யூ.டி.-1 என்னும் பாக்டீரியா, இறகைத் தீவனப் புரதமாக்கும் ஆய்வுகளுக்கு வழி திறந்தது. ஈரோட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்கும் இது பயன்படக்கூடியதே: மயிர் நீக்கச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சோடியம் சல்பைடைக் கெராட்டினேஸ் கொண்டு குறைக்கலாம். ஆனால் அந்த நொதி தோலின் முக்கியப் புரதமான கொலாஜனைத் தாக்கினால் தோலே கெடும். தீவனத்துக்கு எனில், உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸும் தொடக்கத்தில் கொடுத்த 80 டிகிரிச் சூட்டைத் தாங்கும் என்பதால், மரபணு வரிசையால் இனத்தை உறுதிசெய்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்லுங்கள்.